பொட்டலத்தில் இருப்பது எந்த வேர்?

ஸ்ரீரங்கத்தில் தன்வந்திரி சந்நிதியைச் சேவித்துத் திரும்பும் மாமியிடம், "ரத்தக் கொதிப்பா? சர்ப்பகந்தா வேர் கைகண்ட மருந்தாச்சே!" என்று யாராவது சொல்லக்கூடும். பொய்யல்ல. 1931-ல் கல்கத்தாவில் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதியதுதான். 1952-ல் அதிலிருந்து ரிஸர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். கொதிப்பைத் தணித்த அதே சரக்கு சிலரை மனச்சோர்விலும் தள்ளியது. அதை யார் சொல்லுகிறார்கள்?

அது கிடக்கட்டும், பொட்டலத்தில் இருப்பது சர்ப்பகந்தாதானா? அதன் இனத்துப் பாம்புக்களா வேரும் கலப்பதுண்டு. காவிரிக்கு அக்கரையில், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில், மாத்யூ பாதிரியார் 1967-ல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. உலர்த்தி ஒட்டிய ஒவ்வொரு செடிக்கும் பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர்! இலையும் பூவுமாகச் செடி இருந்தால் ஒப்பிட்டு அறியலாம். பொடியாகிவிட்டாலோ, ஆய்வகப் பரிசோதனைதான். அதுவரை, கொதிப்பு மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கு அந்தப் பொட்டலம் எட்டாமல் இருக்கட்டும்.