குடும்ப நலம் பெண்ணுக்கு மட்டும் உரிய கடமையா?

அண்மையில் குடியாத்தத்து நெசவாளர் ஒருவர் தம் மனைவியையும் தாயாரையும் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வந்தார். இரண்டு குழந்தைகளுக்குத் தாயான அப்பெண்ணின் இதய வால்வு, சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் சுருங்கியிருந்தது. மீண்டும் கருத்தரித்தால் உயிருக்கு ஆபத்து என்று விளக்கினோம். "அப்போ அவளுக்கே ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர், தறியில உக்கார்ற புள்ள, அவனுக்கு வேணாம்" என்றார் மாமியார்.

மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரிய எண்களையே நினைக்கிறோம். 1951-இல் 36 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை 2011-இல் 121 கோடியாயிற்று. 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டியது. மக்கள் முன்பைவிட அதிகமாகப் பிள்ளை பெற்றதால் இப்பெருக்கம் நேரவில்லை. தடுப்பூசி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், தூய குடிநீர் ஆகியவற்றால் இறப்பு விரைவாகக் குறைந்தது. பிறப்பு மெதுவாகவே குறைந்தது. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பின்னரே பெற்றோர் இரண்டு போதும் என்று நிறுத்தினர். இந்தியாவில் 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. 2020-இல் அது 28; தமிழகத்தில் 13.

இம்மாற்றத்தில் பள்ளிக்கூடத்திற்கும் பங்குண்டு. 1954-இல் இதே குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றம் சென்ற முதலமைச்சர் காமராசர், ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். 1956-இல் மதிய உணவைத் தொடங்கினார். படித்த பெண்களின் திருமண வயது உயர்ந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 1992–93-இல் ஏறத்தாழ 2.5 ஆக இருந்து, 2019–21-இல் 1.8 ஆகக் குறைந்தது. மக்கள்தொகை நிலைபெற 2.1 போதும். 1975–77 நெருக்கடி நிலைக்காலத்தில் வடமாநிலங்களில் நடந்த கட்டாயக் கருத்தடையோ அச்சத்தையும் வெறுப்பையுமே விளைவித்தது.

ஆயினும் இவ்வெற்றியின் சுமையைச் சுமந்தவர்கள் பெண்களே. தமிழகத்தில் மணமான பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

ஆண்களுக்கான தழும்பில்லா நவீன கருத்தடைச் சிகிச்சை மிக எளியது. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு துளை இட்டாலே போதும். கால் மணி நேரத்தில் முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். இரண்டு நாள் ஓய்வு தேவை. ஒரு வாரம் பளு தூக்கலாகாது. ஆண்மையும் உடல் வலுவும் குறைவதில்லை. ஆனால் பலன் உடனே கிட்டாது. மூன்று மாதம் ஆணுறை அணிந்து, பின்னர் விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

சுருங்கிய வால்வு உடைய அப்பெண்ணுக்கு மயக்க மருந்தும் அறுவையும் கூடுதல் ஆபத்து என்பதை அம்மூவரிடமும் எடுத்துரைத்தோம். "தறி மிதிக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார் கணவர். ஒரு வாரம் கழித்து முடியும் என்றோம். அடுத்த மாதம் மனைவியின் மாத்திரைகளை வாங்க வந்தவர், சிகிச்சை செய்துகொண்டதாகவும் தறியில் மீண்டும் அமர்ந்துவிட்டதாகவும் தெரிவித்தார்.

குடும்ப நல ஆலோசனைக்கு மனைவியை மட்டும் அனுப்பாமல் கணவரும் உடன் வருமாறு கேட்டுக்கொள்கிறோம். யாருக்கு எம்முறை பாதுகாப்பானது என்பதை இருவரையும் வைத்துக்கொண்டுதான் எங்களால் சரியாகச் சொல்ல இயலும்.