குட்டி நாய்க்கும் ஒரு தடுப்பூசி அட்டை!



கார்த்திகை, மார்கழி வந்தால் நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வைக்கோல் போர் அடியிலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் நாய்க்குட்டிகள் கண் திறந்து கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் சும்மா வருவார்களா? ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்துத் தூக்கி வந்து, "அம்மா, இது நம்ம வீட்டுலயே இருக்கட்டும்மா" என்று கெஞ்சுவார்கள். நாமும் மனசு இளகி, ஒரு கொட்டாங்கச்சியில் பால் ஊற்றி வைத்துவிடுவோம். அதோடு நம் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். வேலை அன்றைக்குத்தான் ஆரம்பம் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டுக்கு மணி வந்தபோது அதற்கு ஒன்றரை மாசம் இருக்கும். மறுநாளே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "தெருநாய்க் குட்டிக்கு ஊசியா? மழையிலயும் வெயில்லயும் அது பாட்டுக்கு வளராதா?" என்று சிரித்தார் என் மாமியார். அந்த மாசமே அடுத்த தெருவில் ஒரு நாய் போட்ட ஐந்து குட்டிகளில் மூன்று, ரத்தமாகக் கழிந்து ஒரே வாரத்தில் செத்துப் போயின. அதைப் பார்த்த பிறகு மாமியார் வாயே திறக்கவில்லை. இப்போது மணிக்கு அடுத்த ஊசி என்றைக்கு என்று தினசரி காலண்டரில் குறித்து வைப்பதே அவர்தான்!

வயிறு பெருத்தால் கொழுப்பு அல்ல

குட்டி பானை வயிற்றோடு இருந்தால், "கொழுகொழுன்னு இருக்கு பார்" என்று மகிழ்ந்து போகிறோம். பெரும்பாலும் அது புழு. தாயின் கர்ப்பத்தில் இருக்கும்போதே உருண்டைப் புழு குட்டிக்கு வந்துவிடுகிறது. தாய்ப்பால் வழியாகவும் புழு வரும். அதனால்தான் பிறந்த 2 வாரத்திலேயே பூச்சி மருந்தை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். 3 மாதம் வரை 2 வாரத்துக்கு ஒரு முறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறை, அதன் பின் 3 மாதத்துக்கு ஒரு முறை. அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது என்பதால், எடை பார்த்து டாக்டர் தருவதையே கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்தை நாமாகக் கொடுக்கக் கூடாது.

இது நாய்க்கு மட்டும் செய்கிற உபகாரம் இல்லை. நாயின் மலத்தோடு வெளியேறும் புழு முட்டைகள் மண்ணில் நாள்கணக்கில், மாதக்கணக்கில் கிடக்கும். அதே மண்ணில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் குழந்தையின் வயிற்றுக்கும் அவை போகும். ஆகவே நாய் அசுத்தம் செய்ததை அன்றன்றே அள்ளிப் புதைத்துவிடுங்கள்.

எந்த வயதில் எந்த ஊசி?

6 முதல் 8 வாரத்துக்குள் முதல் கூட்டுத் தடுப்பூசி. பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரல் நோய் ஆகியவற்றுக்கு ஒரே ஊசி. எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்தே வருவது உண்டு. 3, 4 வாரம் விட்டு அடுத்தது என்று 16 வாரம் ஆகும் வரை திரும்பப் போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை ஊசி மருந்து சரியாக வேலை செய்யாது. அது எந்த வாரம் தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒன்றோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சே, போதும்" என்று நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

மேலே சொன்ன குட்டிகளைக் கொன்ற ரத்தக்கழிச்சலை டாக்டர்கள் பார்வோ என்கிறார்கள். 1978 வாக்கில்தான் உலகத்துக்கே தெரிய வந்த நோய். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். ஒரு குட்டி செத்த இடத்தில் உடனே இன்னொரு குட்டியைக் கொண்டு வந்து விடாதீர்கள். தரையை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். கடைசித் தவணை முடிந்து இரண்டு வாரம் ஆகும் வரை குட்டியைத் தெருவில் விடாமல் இருப்பது நல்லது.

நம் நெல் வயல் நாட்டுக்கு எலிக்காய்ச்சல் ஊசி ரொம்ப முக்கியம். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரிலும் வாய்க்கால் சேற்றிலும் அந்தக் கிருமி இருக்கும். புண், கீறல் வழியே நாய்க்கும் வரும், நாற்று நடும் நமக்கும் வரும். நோய் கண்ட நாயின் சிறுநீரும் அதைப் பரப்பும்.

வெறிநாய்க்கடி

3 மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. டாக்டர் சொல்லும் நாளில் அடுத்த தவணை, பிறகு வருஷா வருஷம். இதில் ஒரு நாள்கூட அலட்சியம் கூடாது. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் நாயையும் காப்பாற்ற முடியாது, மனிதரையும் காப்பாற்ற முடியாது. உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 59 ஆயிரம் பேர் இதில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்துப் பேரில் நாலு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நினைத்தாலே வயிறு கலங்கவில்லையா?

1885-ம் ஆண்டு ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனை வெறிநாய் பல இடங்களில் குதறிவிட்டது. அவனுடைய தாய் அவனைக் கூட்டிக்கொண்டு பாரீசில் இருந்த லூயி பாஸ்டரிடம் ஓடினாள். ஜூலை 6-ம் தேதி அவனுக்குப் பாஸ்டர் தன் தடுப்பு மருந்தைப் போட ஆரம்பித்தார். பையன் பிழைத்தான். அந்த ஜூலை 6-ம் தேதியையும், பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ம் தேதியையும் ஒட்டிக் கால்நடைத் துறையினர் பல ஊர்களில் இலவசமாக நாய்களுக்கு ஊசி போடுகிறார்கள். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். நம் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

குட்டிதானே, பல் முளைக்கிற வயசில் செல்லமாகக் கடித்தது என்று விட்டுவிடாதீர்கள். ஊசி போடாத குட்டி கடித்தாலோ, பல் கீறினாலோ செய்ய வேண்டியது இதுதான். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கட்டும் போடக் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். அங்கே ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது முதல் நாள், 3, 7, 28-ம் நாள் என்று கையில்தான் போடுகிறார்கள். ரத்தம் வரும் காயமானால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள். அதற்குப் பயந்து பாதியில் நின்றுவிடக் கூடாது.

சீவிவிடுவதும் சோதனைதான்

பெண் பிள்ளைக்குத் தலை வாரும்போதே பேன் இருக்கிறதா, பொடுகு இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறோம் இல்லையா? நாய்க்குச் சீவிவிடுவதும் அப்படித்தான். அதற்கென்று ஒரு பேன் சீப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, தினமும் ஐந்து நிமிடம் சீவுங்கள். காதுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். ஒரு பெண் உண்ணி நாயின் உடம்பிலிருந்து இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால் நாயை மட்டும் சுத்தம் செய்து பிரயோஜனம் இல்லை. அது படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலில் காய வையுங்கள். சுவர் வெடிப்பைப் பூசி வெள்ளையடித்துவிடுங்கள்.

இரண்டு மாதம் ஆகும் வரை குளிப்பாட்ட வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிறகு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, உடனே துவட்டிவிடுங்கள். நாம் போடும் சோப்பு அதன் தோலை வறட்டிவிடும், நாய்க்கென்று விற்கும் ஷாம்புதான் ஏற்றது. காதுக்குள் கொண்டை ஊசி, குச்சி விட்டுக் குடைய வேண்டாம். வெளியே தெரியும் அழுக்கைப் பஞ்சால் துடையுங்கள். நாற்றம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நகத்துக்குள் ரத்தக் குழாய் இருப்பதால் நுனியை மட்டும் வெட்டுங்கள். தப்பித் தவறி ரத்தம் கசிந்தால் கொஞ்சம் மைதா மாவை வைத்து அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். சின்ன வயசிலேயே காலையும் காதையும் வாயையும் தொட்டுத் தொட்டுப் பழக்கிவிட்டால், பெரிதான பிறகு டாக்டர் தொட்டாலும் சீறாது.

வயல் மருந்து வேண்டவே வேண்டாம்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உண்ணி ஒழிய வேண்டும் என்று வயலுக்கு அடித்து மிஞ்சிய பூச்சி மருந்தை நாய் மேல் தடவுகிறவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். தோல் வழியாகவே அது உடம்பில் ஏறும், நாய் தன்னை நக்குவதால் வயிற்றுக்கும் போகும். வாயில் நுரை தள்ளி, வெட்டி வெட்டி இழுத்துச் செத்துப் போகும். மண்ணெண்ணெயும் கூடாது, கற்பூரம் கலந்த எண்ணெயும் கூடாது. உண்ணிக்கென்று வயதும் எடையும் பார்த்துத் தரும் மருந்துகள் மருத்துவமனையில் கிடைக்கின்றன. அதேபோல் எலி விஷம் கலந்த பொரியும் நெல்லும் குட்டியின் வாய்க்கு எட்டாமல் இருக்கட்டும். வயலுக்கு நம் தஞ்சாவூர் மூங்கில் கிட்டி இருக்கவே இருக்கிறது.

நம் இலையில் இருப்பதெல்லாம் அதற்கு ஆகாது

பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, கழிச்சல் வரும். குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கறி, மீன் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு அதன் ரத்தத்தைக் கெடுக்கும். எனவே சாம்பார் சாதம் வேண்டாம். பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் விஷம். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். எந்நேரமும் சுத்தமான தண்ணீர் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. கடுவன் குட்டியைத்தான் எல்லோரும் தேடி எடுக்கிறார்கள். பெட்டைக் குட்டியைச் சாக்கில் கட்டி வாய்க்கால் கரையில் விட்டுவிடுகிறார்கள். "குட்டி போட்டுத் தள்ளும்" என்பதுதான் காரணம். கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை. பிற்காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் வராது. வீட்டைக் காப்பதில் பெட்டை எந்த விதத்திலும் குறைந்தது அல்ல. பெண்ணாகப் பிறந்த நாமே அதை ஒதுக்கலாமா?

யானைக்கும் குதிரைக்கும் சாஸ்திரம் சொன்ன சுவடிகளைச் சரஸ்வதி மகாலில் பாதுகாக்கும் ஊர் நம் ஊர். வாசலில் வாலாட்டும் ஜீவனுக்கு ஓர் அட்டை போட்டு, பூச்சி மருந்துத் தேதியும் ஊசித் தேதியும் குறித்து வைப்பது நமக்குப் பெரிய காரியமா என்ன? பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை இருக்கும் அதே பையில் இதையும் வையுங்கள். அது உங்கள் பிள்ளைகளுக்கும் பாதுகாப்புதானே!

— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்