மட்டக்களப்பும் இரட்டை அங்கத்தவர் தொகுதியும்

தேர்தல் என்றவுடன் வேட்பாளரும் கட்சியும் சின்னமும் மேடைப் பேச்சுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னதாகவே நடந்து முடிந்துவிடும் ஒரு காரியத்தை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. தொகுதியின் எல்லையை வரைவதும், அதிலிருந்து எத்தனை பேர் தெரிவாக வேண்டும், வாக்காளர் ஒருவருக்கு எத்தனை வாக்குகள் என்று விதிப்பதுமே அக்காரியம். எந்த ஊரின் குரல் சபையில் ஒலிக்கும், எந்த ஊரின் குரல் வழியிலேயே அடங்கிப்போகும் என்பதில் பாதி அப்பொழுதே தீர்மானமாகி விடுகிறது. இதனைத் தெளிவாகக் காட்டுவது மட்டக்களப்புத் தொகுதியின் வரலாறு.

முதலில் நிலத்தின் அமைப்பைப் பார்ப்போம். மட்டக்களப்பு நகரம் வாவியின் மடியில் அமைந்தது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக எழுவான்கரை. மேற்கே வயல் நிலம் பரந்த படுவான்கரை. நகரத்துக்குத் தெற்கே காத்தான்குடி, வடக்கே ஏறாவூர். இவை முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்கள். இன்னும் வடக்கே சென்றால் வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் வரும். அவற்றையும் கடந்து, நகரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தொலைவில் இருப்பது வாகரை. அதற்கப்பால் வெருகல் ஆறு. ஆற்றைத் தாண்டினால் திருகோணமலை மாவட்டம். வாகரைப் பகுதியில் வாழ்வோர் மீன்பிடியையும் சேனைப் பயிரையும் நம்பியவர்கள். கடலோர வேடர் என்று சொல்லப்படுவோரும் அங்கு உளர். தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த இந்நீண்ட கரையில் எங்கே கோடு கிழித்தாலும், கோட்டின் இப்புறம் ஒரு சிறுபான்மையும் அப்புறம் ஒரு சிறுபான்மையும் தோன்றியே தீரும். மட்டக்களப்புத் தேர்தல்களின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டின் அரசாங்க சபைத் தேர்தலில் மட்டக்களப்புத் தெற்குத் தொகுதியிலிருந்து தெரிவானவர் மொகமது மாக்கான் மாக்கார். அவர் கொழும்பு இரத்தின வணிகக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். பின்னர் அமைச்சராகவும் விளங்கினார். திருகோணமலையும் மட்டக்களப்பும் இணைந்த தொகுதிக்குப் பிற்காலத்தில் பிரதிநிதியாக இருந்தவர் வி. நல்லையா. சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கக் கோரும் பிரேரணையை 1944ஆம் ஆண்டில் ஜே. ஆர். ஜயவர்த்தன கொண்டுவந்தபோது, தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் முன்மொழிந்தவர் இந்த நல்லையாவே. சபையும் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. தொலைவிலுள்ள ஒரு தொகுதியின் ஒற்றைக் குரல் நாடு முழுவதற்கும் உரிய கேள்வியை எழுப்ப முடியும் என்பதற்கு இது சான்று.

சோல்பரி அரசியல் யாப்பின்கீழ் 75,000 மக்களுக்கு ஒன்று, 1,000 சதுர மைலுக்கு ஒன்று என்ற கணக்கில் 95 ஆசனங்கள் வகுக்கப்பட்டன. பரப்பளவுக்கும் ஆசனம் உண்டு என்ற இவ்விதி, மக்கள் ஐதாக வாழ்ந்த கிழக்குக்குப் பெருந்துணையாயிற்று. இன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக்கு அன்று மூன்று தொகுதிகள் அமைந்தன: வடக்கே கல்குடா, நடுவே மட்டக்களப்பு, தெற்கே பட்டிருப்பு. வாகரை கல்குடாத் தொகுதிக்குள் அடங்கிற்று.

இம்மூன்றும் ஓர் அங்கத்தவர் தொகுதிகளே. நகரத் தொகுதியில் 1947இல் அகமது லெப்பை சின்னலெப்பையும், 1952இல் ஆர். பி. கதிராமரும், 1956இல் தமிழரசுக் கட்சியின் செ. இராசதுரையும் வெற்றி பெற்றனர். கல்குடாவில் 1947இலும் 1952இலும் நல்லையா வென்றார். 1956இல் அகமது உசைன் மாக்கான் மாக்கார் வென்றார். ஆகவே 1956ஆம் ஆண்டின் முடிவு கண்ணாடியில் தெரியும் எதிருரு போன்றது. நகரத் தொகுதியின் முஸ்லிம்கள் தமிழ் அங்கத்தவரையும், வாகரைத் தமிழர் முஸ்லிம் அங்கத்தவரையும் தம் பிரதிநிதியாகப் பெற்றனர். ஒருவரை ஒருவர் நம்பி வாழும் காலத்தில் இதில் குறையொன்றுமில்லை. ஐயம் புகுந்த காலத்திலோ, நம்மவர் சபையில் இல்லையே என்ற ஏக்கம் இரு பக்கத்திலும் எழும்.

இந்த ஏக்கத்துக்கு மருந்தாகவே இரட்டை அங்கத்தவர் முறை வந்தது. 1959ஆம் ஆண்டின் தொகுதி நிர்ணயத்தில் தெரிவு செய்யப்படும் அங்கத்தவர் தொகை 95இலிருந்து 151 ஆக உயர்ந்தது. அப்போது மட்டக்களப்பு இரண்டு அங்கத்தவரைத் தெரிவு செய்யும் தொகுதியாயிற்று. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். அவற்றை இருவருக்குப் பகிரலாம், அல்லது இரண்டையும் ஒருவருக்கே அளிக்கலாம். இம்முறையின் நுட்பம் இந்த இறுதி விதியிலேதான் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு தொகுதியில் 10,000 வாக்காளர் என்க. பெரும்பான்மைச் சமூகத்தார் 6,500 பேர். சிறுபான்மையார் 3,500 பேர். பெரும்பான்மையாரின் 13,000 வாக்குகளும் அவர்களுடைய வேட்பாளர் இருவருக்குச் சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 6,500 கிடைக்கும். சிறுபான்மையார் ஒரே வேட்பாளரை நிறுத்தித் தம் இரு வாக்குகளையும் அவருக்கே அளித்தால் அவருக்கு 7,000 கிடைக்கும். அவரே முதலிடம் பெறுவார். ஆனால் அச்சிறுபான்மையார் இருவரை நிறுத்தி வாக்குகளைப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 3,500தான்; இரண்டு ஆசனங்களும் கைநழுவிப் போகும். சுருங்கச் சொன்னால், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட சமூகம் ஒற்றுமையாக நின்றால் ஓர் ஆசனம் உறுதி. மற்றச் சமூகம் இரண்டையும் கொள்ள விரும்பினால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பலம் வேண்டும்.

இக்கணக்கு நடைமுறையில் எவ்வாறு பலித்தது? 1960ஆம் ஆண்டு மார்ச்சிலும் சூலையிலும் இரு பொதுத் தேர்தல்கள் நடந்தன. இரண்டிலும் இராசதுரையும் மாக்கான் மாக்காரும் தெரிவாயினர். 1965இல் இராசதுரையுடன் ஐக்கிய தேசியக் கட்சியின் அப்துல் லத்தீப் சின்னலெப்பை சென்றார். தமிழர் ஒருவர், முஸ்லிம் ஒருவர் என்ற நோக்கம் மூன்று முறை நிறைவேறியது. ஆனால் 1970இல் இராசதுரையுடன் இரண்டாம் அங்கத்தவராகத் தெரிவானவர் சுயேச்சையாக நின்ற இராஜன் செல்வநாயகம். முஸ்லிம் அங்கத்தவர் ஒருவரும் அம்முறை செல்லவில்லை. இரட்டைத் தொகுதி வாய்ப்பைத் தரும்; உத்தரவாதம் தராது என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

1977ஆம் ஆண்டுத் தேர்தலோ மறுபக்கத்தைக் காட்டிற்று. தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் இராசதுரை நின்றார். தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் கவிஞர் காசி ஆனந்தன் நின்றார். ஒரே அணியினர் இரு சின்னங்களில் நின்றதால், இரு வாக்குகளையும் எவருக்கு எப்படி அளிப்பது என்பது ஊர்தோறும் விவாதப் பொருளாயிற்று. முடிவில் இராசதுரை முதலிடமும், ஐக்கிய தேசியக் கட்சியின் பரீத் மீராலெப்பை இரண்டாமிடமும் பெற்றனர். காசி ஆனந்தன் தோல்வியுற்றார். 1956 முதல் தொடர்ந்து வென்ற இராசதுரை 1979இல் அரசாங்கக் கட்சியில் சேர்ந்து அமைச்சரானார். இக்காலமெல்லாம் வாகரை மக்கள் ஓர் அங்கத்தவர் தொகுதியாகிய கல்குடாவிலேயே வாக்களித்தனர். அங்கே 1960இல் தமிழரசுக் கட்சியின் பி. மாணிக்கவாசகமும், 1965 முதல் ஐக்கிய தேசியக் கட்சியின் கே. டபிள்யூ. தேவநாயகமும் தெரிவாயினர். தேவநாயகம் 1977இன் பின் நீதி அமைச்சராக விளங்கினார்.

1978ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு இப்பழைய தொகுதிகளை வெறும் வாக்கெடுப்புப் பிரிவுகளாக்கிற்று. மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டம். கட்சிகளுக்கு வாக்கு விகிதாசாரப்படி ஆசனம். வேட்பாளருக்கு விருப்பு வாக்கு. இம்முறையில் முதற் பொதுத் தேர்தல் 1989 பெப்புருவரியில் நடந்தது. கூட்டணியின் தலைவர் அ. அமிர்தலிங்கம் மட்டக்களப்பில் நின்று தோற்றுத் தேசியப் பட்டியல் வழியாகவே பாராளுமன்றம் சென்றார். அவ்வாண்டு சூலையிலேயே கொழும்பில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, 1990 ஆகத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது நின்றோரும், செத்தெம்பரில் சத்துருக்கொண்டான் மக்களும் கொன்றழிக்கப்பட்டனர். இரண்டு வாக்குகளைப் பகிர்ந்து ஒரே தொகுதியிலிருந்து இருவரை அனுப்பிய சமூகங்கள் இவை என்பதை நினைக்க நெஞ்சம் கனக்கிறது.

போர்க்காலத்தில் வாகரை வாக்காளரின் நிலை தனிப்பட எடுத்துரைக்கத் தக்கது. அரசாங்கக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த ஊர்களின் மக்கள், 2004ஆம் ஆண்டுத் தேர்தலில் எல்லை கடந்து வந்து கூட்டு வாக்களிப்பு நிலையங்களில் வாக்களிக்க வேண்டியிருந்தது. 2006 நவம்பர் 8ஆம் நாள் கதிரவெளிப் பாடசாலையில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். 2007 சனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்கு வந்தது. வாக்குரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. ஊரில் வாழவும், வாக்களிப்பு நிலையத்துக்கு நடந்து செல்லவும், திரும்பி வரவும் இயலவேண்டும்.

விகிதாசார முறையால் நன்மை இல்லாமலில்லை. மாவட்டத்தின் ஐந்து ஆசனங்களில் இரு சமூகத்தாருக்கும் இடம் கிடைப்பது பழைய முறையைவிட எளிதாயிற்று. 2024 நவம்பர்த் தேர்தலில் 22 தேர்தல் மாவட்டங்களுள் 21இல் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றது. எஞ்சிய ஒன்று மட்டக்களப்பு. இங்கே தமிழரசுக் கட்சி மூன்று, தேசிய மக்கள் சக்தி ஒன்று, முஸ்லிம் காங்கிரஸ் ஒன்று என ஆசனங்கள் அமைந்தன. ஆயினும் இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. ஐவரும் மாவட்டம் முழுமைக்கும் உரியவர்கள். விருப்பு வாக்கு மிகுதியாகக் கிடைப்பது மக்கள் நெருங்கி வாழும் ஊர்களிலே. ஐதாக மக்கள் வாழும் வாகரை, தன் வீதிக்கும் குடிநீருக்கும் இறங்குதுறைக்கும் யாரிடம் முறையிடுவது? ஐவரும் தம்மவர் என்பது சில வேளை எவரும் தம்மவரல்லர் என்பதாகவும் முடியும்.

பழைய இரட்டைத் தொகுதியின் எண்ணம் முற்றாக மறைந்துவிடவில்லை. 2018ஆம் ஆண்டிலும் 2025ஆம் ஆண்டிலும் கலப்பு முறையில் நடந்த உள்ளூராட்சித் தேர்தல்களில், ஒன்றுக்கு மேற்பட்ட அங்கத்தவரைத் தெரிவு செய்யும் வட்டாரங்களும் இருந்தன. பல சமூகத்தார் கலந்து வாழும் இடங்களுக்கு அவை பயன்படும் என்பதே கருத்து. வாகரையைத் தலைமையிடமாகக் கொண்ட கோறளைப்பற்று வடக்குப் பிரதேச சபைக்கு மக்கள் தம் வட்டாரத்தின் பெயராலேயே வாக்களிக்கின்றனர். பாராளுமன்றத் தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் மட்டக்களப்பின் அனுபவத்தை நாம் நினைவிற் கொள்ளுதல் நலம். ஓர் அங்கத்தவர் தொகுதி ஊருக்கு அண்மையான பிரதிநிதியைத் தந்தது, சிறுபான்மையை மறந்தது. விகிதாசாரம் சிறுபான்மைக்கு இடம் தந்தது. தொலைவிலுள்ள ஊரை மறந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்திருக்கும் முறை எதுவோ, அதுவே காத்தான்குடிக்கும் வாகரைக்கும் ஒருசேரப் பொருந்துவதாகும்.