எந்தப் பல்கலைக்கழகம்?
பொருட்பொறியியல் பயில விழையும் ஊவாச் செல்வங்களுக்கு

மகளுக்கு வரன் தேடும் பெற்றோர் எத்தனை விசாரணை செய்கின்றனர்! பையனின் குடும்பம், குணம், உத்தியோகம், பழக்கவழக்கம் யாவற்றையும் நாலு பேரிடம் கேட்டறிந்த பின்னரே தாம்பூலம் மாற்ற முன்வருகின்றனர். ஆனால் அதே மகள் உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவிலே சித்தியெய்தி, பல்கலைக்கழக விண்ணப்பத்தை முன்னே வைத்துக்கொண்டு, "அப்பா, எதை முதலாவதாக எழுதுவது?" என்று கேட்கும்போது நம்மிற் பலர் வாயடைத்து நிற்கின்றோம். பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களிலே இந்தச் சங்கடம் இன்னும் பெரிது. அயல் லயத்திலே சென்று கேட்பதற்குப் பொறியியலாளர் எவரும் இருப்பது அரிது. ஆயினும் அந்த ஒரு பத்திரத்தில் எழுதப்படும் வரிசையே பிள்ளையின் நாற்பது வருட வாழ்வைத் தீர்மானித்துவிடுகின்றது.

ஆகவே, அதிகம் அறியப்படாத ஒரு துறையை எடுத்துக்கொண்டு, அதனைப் பயில எங்கே செல்வது என்பதை இங்கு ஆராய்வோம். பொருட்பொறியியல் என்பதே அத்துறை. பெயரைக் கேட்டதும் இது பொருள் ஈட்டும் வித்தையோ, பொருளாதாரத்தின் ஒரு கிளையோ என்று மயங்குவோர் உண்டு. உலோகம், மட்பாண்டம், கண்ணாடி, இறப்பர், பிளாஸ்திக் முதலிய பொருள்களின் உள்ளமைப்பை அறிந்து, எந்த வேலைக்கு எது ஏற்றது, எதனை எவ்வாறு திருத்தினால் அது உறுதியாக உழைக்கும் என்று காணும் கல்வியே இது.

நம் வாசலிலே உள்ள பாடம்

இக்கல்விக்கான உதாரணங்களைத் தேடிச் சீமைக்குப் போகவேண்டியதில்லை. தெமோதரைக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பாருங்கள். முதலாம் உலக யுத்தகாலத்திலே உருக்கு கிடைக்காமற் போனமையால், கல்லும் செங்கல்லும் சீமெந்துமே கொண்டு அது கட்டப்பட்டதென்று கூறுவர். 1921ஆம் ஆண்டிலே பூர்த்தியான அப்பாலம் நூறு வருடங்களைக் கடந்து நிற்கின்றது. இல்லாத பொருளை எண்ணி ஏங்காமல், உள்ள பொருளின் இயல்பறிந்து கட்டுவதும் ஒரு கலையே.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் இதே பாடந்தான். கொழுந்தை உருட்டும் இயந்திரத்திலே இலை படும் இடங்களிற் பித்தளையோ துருப்பிடிக்காத உருக்கோ பயன்படுவது ஏன்? கொழுந்துச் சாறு வெறும் இரும்பிற் பட்டாற் கறுத்துவிடும் என்பதனாலேயே. தேயிலைப் பெட்டியின் உட்புறத்தே முன்னாளில் ஈயத்தகடு இருந்தது. பின்னர் அலுமினியத் தாள் வந்தது. இன்று கடதாசிப் பைகள் அப்பெட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னாலும் பொருள்களை ஆராய்ந்த ஒருவரின் உழைப்பு இருக்கின்றது. மழையிலே துருவேறி ஒழுகும் லயத்துத் தகரக்கூரைக்கும் இந்தத் துறையிலேதான் பரிகாரம் தேடவேண்டும்.

பழைய பெருமையும் இம்மலைகளுக்கு உண்டு. ஊவாவின் எல்லைக்கு அப்பால், பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவப் பிரதேசத்திலே, பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய பழைய உலைகளை ஜில் ஜூலெப் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் கண்டறிந்தார். தாமே அத்தகைய உலையை அமைத்து இயக்கியும் காட்டினார். 1996இல் 'நேச்சர்' விஞ்ஞான சஞ்சிகையில் அவ்வாராய்ச்சி வெளிவந்தபோது உலகமே வியந்தது. ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் இம்மலைச்சரிவுகளிலே உருக்குச் செய்த கைகள் இருந்தன என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

எங்கே பயில்வது?

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுள் இத்துறைக்கு முதலில் நினைவுக்கு வருவது மொறட்டுவை. கட்டுபெத்தையிலே 1960இல் செய்முறைத் தொழில்நுட்ப நிறுவகமாகத் தோன்றி, 1966இல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்து, 1978இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பொருள் விஞ்ஞானத்துக்கும் பொறியியலுக்குமென அங்கே ஒரு தனித்துறை இயங்குகின்றது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. மாணவர் முதலிற் பொறியியற் பீடத்துக்கே அனுமதி பெறுகின்றனர். தொடக்கத்திற் பொதுப்பாடங்களைக் கற்று, அவற்றிற் பெறும் புள்ளிகளையும் தம் விருப்பத்தையும் கொண்டே துறை பெறுகின்றனர். ஆகவே முதற் சில மாதங்களே முக்கியமானவை. "கேட்டது கிடைக்கவில்லை, இது கிடைத்தது" என்று மனம் சலித்துக்கொண்டு படிப்போருக்கு எத்துறையும் பயன் தராது.

பேராதனையின் பொறியியற் பீடம் 1950இற் கொழும்பிலே ஆரம்பமாகி 1964இற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பொருள்களைப் பற்றிய கல்வி, இயந்திரவியல், உற்பத்திப் பொறியியல் முதலிய பட்டங்களின் பகுதியாகவே கிடைக்கின்றது. ஆனாற் பட்டத்தின் பெயர் மட்டுமே மனிதனை ஆக்குவதில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற அழகையா துரைராசா, கேம்பிரிட்ஜிலே களிமண்ணின் இயல்பை ஆராய்ந்து, ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்போருடன் சேர்ந்து 1963இல் வெளியிட்ட கட்டுரை, மண்பொறியியல் உலகில் இன்றும் போற்றப்படுகின்றது. அவர் பேராதனையிற் பேராசிரியராயிருந்து, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமானார். மண்ணும் ஒரு பொருளே. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை விழுங்கிய துயரத்தை அனுபவித்த நமக்கு, அந்த ஆராய்ச்சியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நம் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம். 2005இற் பதுளையிலே தோற்றுவிக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், கனிய வளங்களும் தொழில்நுட்பமும், விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் ஆகிய கற்கைநெறிகளை நடத்துகின்றது. கனியங்களிலும் பொருள்களின் பயனிலும் நாட்டமுள்ளோர்க்கு இவை நல்ல வழிகள். ஆயினும் இவை பொறியியற் பட்டங்கள் அல்ல. பட்டயப் பொறியியலாளராக விரும்பும் பிள்ளை இவ்வேறுபாட்டைத் தெளிந்துகொண்டே வரிசை எழுத வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட உறுப்பாயிற்று. அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்குப் பிறநாடுகளிலும் மதிப்புண்டு. சேரும் பட்டத்துக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று கேட்டறிதல் அவசியம்.

தமிழ்நாட்டை நாடுவோர் திருச்சிராப்பள்ளித் தேசிய தொழில்நுட்பக் கழகத்தையும், 1959இல் நிறுவப்பட்ட சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்தையும் கவனிக்கலாம். இரண்டிலும் உலோகவியலும் பொருட்பொறியியலும் சேர்ந்த துறைகள் உள்ளன. ஆனாற் புலமைப்பரிசில் இன்றி அங்கே செல்வது தோட்டக் குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது. கடன்பட்டு அனுப்புவதற்கு முன் ஒன்றுக்குப் பத்து முறை யோசிப்பது நலம்.

விண்ணப்பத்தின் சூட்சுமம்

அனுமதி இஸட் புள்ளியின்படி வழங்கப்படுகின்றது. கலைப்பிரிவு தவிர்ந்த துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 இடங்கள் மாவட்டங்களுக்கும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவது நெடுநாளைய முறை. பின்தங்கிய 16 மாவட்டங்களுள் பதுளையும் மொனராகலையும் அடங்கும். பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையிற் கற்றது என்பதும் கணிக்கப்படுவதால், உயர்தரத்துக்கெனக் கொழும்புக்கு மாற்ற எண்ணும் பெற்றோர் முதலில் மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வருடக் கைந்நூலைப் படித்துவிட வேண்டும்.

இன்னொரு வீண்பயமும் நம்மவரிடையே உண்டு. "பெரியதை முதலில் எழுதினால் சிறியதும் கைநழுவும்" என்பர். அது தவறு. விருப்ப வரிசையை மேலிருந்து கீழாகவே பார்த்து, புள்ளிக்கு எட்டும் முதலாவது இடத்தைத் தருகின்றனர். ஆதலால் உள்ளத்தில் முதலாவது எதுவோ அதனையே முதலாவதாக எழுதுக. அயலார் சொன்னதற்காகவோ, வீட்டுக்கு அண்மையிலுள்ளது என்பதற்காக மட்டுமோ வரிசையை மாற்றினால், பின்னர் வருந்திப் பயனில்லை.

செலவும் மனக்கலக்கமும்

அரசாங்கப் பல்கலைக்கழகத்திற் படிப்புக்குக் கட்டணமில்லை. உணவு, உறையுள், பிரயாணம், புத்தகம் ஆகியவையே சுமை. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலும், பல்கலைக்கழக உதவிப்பணமும், இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் உதவியும் அச்சுமையை ஓரளவு குறைக்கும். விண்ணப்ப முடிவுத் திகதிகளை நாட்காட்டியிலே குறித்து வையுங்கள். போதனை ஆங்கிலத்திலே நடைபெறுவதால், பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் புகும்வரையுள்ள நீண்ட மாதங்களை ஆங்கிலத்துக்கே அர்ப்பணிப்பது புத்திசாலித்தனம்.

பெண்பிள்ளையைத் தூரத்துக்கு எப்படி அனுப்புவது என்று தயங்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பகிடிவதை பற்றிய அச்சம் நியாயமானதே. விடுதி உண்டா, முறைப்பாட்டை யாரிடம் செய்வது, மூத்த மாணவியர் எவரேனும் நம் பக்கத்தவரா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். விசாரணையின் பின்னும் அச்சம் மட்டுமே தடையாக நின்றால், அதற்காகப் பிள்ளையின் திறமையை முடக்குவது தர்மமாகாது.

இந்நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்ததோ பெரும்பாலும் 1970களில்தான். முப்பது வருடம் பிந்திப் புறப்பட்டவர்கள் நாம். பிந்திப் புறப்பட்டவன் வழியையும் தவறவிடலாமா? இந்த வருடம் பெறுபேறு வந்ததும், விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யுமுன், கைந்நூலை நடுவில் வைத்துத் தாய், தந்தை, பிள்ளை மூவரும் ஒரு மாலைப்பொழுது ஒன்றாக அமர்ந்து பேசுங்கள். கணித ஆசிரியரையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம் போதாது. ஓர் இரவு முழுவதும் சென்றாலும் பாதகமில்லை.