உப்புக் காற்றில் உங்கள் பிரேக்கர் தாங்குமா?

வேம்பார் முதல் முள்ளக்காடு வரை, கடலோரக் கிணற்றிலோ உப்பளத்திலோ மோட்டார் வைத்திருக்கிறீர்களா? சர்க்யூட் பிரேக்கரின் முகப்பைப் பாருங்கள். 415 வோல்ட் என்பது அது வேலை செய்யும் மின்னழுத்தம். 'யூ-இம்ப்' 4, 6 அல்லது 8 கிலோவோல்ட் என்றிருப்பது, மின்னலால் கம்பியில் கணநேரம் ஏறும் அழுத்தத்தை அதன் காப்பு தாங்கும் அளவு.

ஆனால் இது சுத்தமான பிரேக்கருக்கே பொருந்தும். கடற்காற்றின் உப்பு அதன் மேல் படிந்து, இரவு ஈரத்தை உறிஞ்சினால், முனைகளுக்கிடையே மின்சாரம் கசியும். பரப்பு கருகித் தடம் விழும். தாங்குதிறன் குறையும். பெட்டியைத் தொடுபவருக்கும் ஆபத்து.

பிரேக்கர் தாங்கினாலும் மோட்டார் தப்பியதாக அர்த்தமில்லை. மின்னல் அழுத்தத்தை மண்ணுக்குள் கடத்த, சர்ஜ் அரெஸ்டரும் நல்ல எர்த்தும் தனியாக வேண்டும்.

என்ன செய்யலாம்?

* ஐ.பி.65 தரமுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் பிரேக்கரைப் பொருத்துங்கள்.
* பெட்டியைக் கடல் பார்த்த கிழக்குச் சுவரில் மாட்டாதீர்கள். கேபிளைக் கீழிருந்து நுழைத்து, துளையை அடையுங்கள்.
* வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயின் இணைப்பைத் துண்டித்து, உப்பைத் துடைக்கச் சொல்லுங்கள்.
* கருகிய தடமோ, முனையில் பச்சைக் களிம்போ தெரிந்தால் பிரேக்கரை மாற்றிவிடுங்கள்.