பக்கத்துல இருக்கிறவர் நிஜமாவே அவர்தானா? 'சீக்ரெட் இன்வேஷன்' காமிக்ஸை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

சூப்பர்ஹீரோ கதைகள்ல வில்லன் எப்படி வருவான்? வானத்தைப் பிளந்துக்கிட்டு வருவான். நாலு கட்டடத்தை இடிப்பான். ஹீரோக்கள் கூட்டமா சேர்ந்து அவனை அடிப்பாங்க. ஆனா, வில்லன் ஏற்கெனவே வீட்டுக்குள்ள வந்து, உங்க நெருங்கின நண்பனோட முகத்துல சோபாவுல உட்கார்ந்திருந்தா? யாரை அடிப்பீங்க?

மார்வெல் 2008-ல் வெளியிட்ட 'சீக்ரெட் இன்வேஷன்' காமிக்ஸின் மொத்தக் கதையும் இந்தக் கேள்விதான். இதே பெயரில் 2023-ல் வந்த 6 எபிசோடு வெப் சீரிஸை மட்டும் பார்த்திருந்தால், நீங்கள் பார்த்தது நிக் ஃப்யூரியின் உளவுக் கதை. காமிக்ஸில் மாட்டிக்கொள்வது அவெஞ்சர்ஸ் மொத்தப் பேரும்!

யார் இந்த ஸ்க்ரல்கள்?

பச்சைத் தோல், நீண்ட காது, வரிவரியான தாடை. இதுதான் ஸ்க்ரல்களின் நிஜ முகம். ஆனால், நினைத்த நொடியில் யாராகவும் மாறிவிடுவார்கள். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1962-ல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இரண்டாவது இதழிலேயே இவர்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் கதையின் முடிவு செம காமெடி. பிடிபட்ட மூன்று ஸ்க்ரல்களை, ரீட் ரிச்சர்ட்ஸ் ஹிப்னாடிசம் செய்து பசு மாடுகளாக மாற்றி மேய விட்டுவிடுவார்!

ஆனால், அந்த ஐடியாவுக்குப் பின்னால் இருந்த பயம் காமெடி இல்லை. அது அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பனிப்போரில் முறைத்துக்கொண்டிருந்த காலம். 'நமக்குள்ளேயே எதிரியின் ஆள் இருக்கிறான்' என்ற பேச்சு அமெரிக்காவில் தெருவரைக்கும் வந்திருந்தது. 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' படம் 1956-லேயே வந்து மக்களை மிரட்டியிருந்தது. 2008-ல் அந்தப் பயம் வேறு உருவத்தில் திரும்பியிருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, பக்கத்து வீட்டுக்காரரையே ஒரு மாதிரி பார்க்கப் பழகியிருந்த ஒரு நாட்டில்தான் இந்தக் கதை வெளியானது.

சந்தேகம்தான் ஆயுதம்

(இனிமேல் ஸ்பாய்லர்கள் உண்டு மக்களே!)

கதை ஒரு பிணத்தில் இருந்து தொடங்குகிறது. 2007-ல் வந்த 'நியூ அவெஞ்சர்ஸ்' 31-வது இதழில், சண்டையில் எலெக்ட்ரா இறந்துபோகிறாள். அடுத்த நொடி, தரையில் கிடப்பது ஒரு ஸ்க்ரல். அதுவரை அவளை யாருமே கண்டுபிடிக்கவில்லை. வுல்வரினின் மோப்பம், டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் மந்திரம் எதுவும் வேலை செய்யவில்லை. அப்படியென்றால், இன்னும் எத்தனை பேர்?

கதாசிரியர் பிரையன் மைக்கேல் பெண்டிஸின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். ஸ்க்ரல்கள் முதலில் உடைப்பது சுவரை அல்ல, நம்பிக்கையை. அவெஞ்சர்ஸ் வீட்டைப் பல வருஷமாகக் கவனித்துக்கொண்ட ஜார்விஸ் ஒரு ஸ்க்ரல். ஹேங்க் பிம் ஒரு ஸ்க்ரல். எல்லோரும் நம்பிப் பேசிய ஸ்பைடர்-வுமன்தான் ஸ்க்ரல்களின் ராணி வெராங்கே!

ஒரு காட்சி போதும். டோனி ஸ்டார்க்கின் கவசம் வைரஸால் செயலிழந்து, அவர் காய்ச்சலில் தவித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் வரும் வெராங்கே அவரை ஓர் அடிகூட அடிக்க மாட்டாள். 'நீயும் எங்களில் ஒருவன்தான், மறந்துவிட்டாய்' என்கிற மாதிரி அன்பாகப் பேசுவாள். அவ்வளவுதான். உலகத்தின் பெரிய மூளைக்காரருக்குத் தன் மீதே சந்தேகம் வந்துவிடும்.

கடைசியில் ஹீரோக்கள் ஜெயிக்கிறார்கள். ஆனால், ராணியைச் சுட்டு வீழ்த்துவது நார்மன் ஆஸ்போர்ன் என்ற பழைய வில்லன். அதை டிவியில் பார்த்த உலகம் அவனை ஹீரோவாக்க, பாதுகாப்பு அதிகாரம் முழுக்க அவன் கைக்குப் போய்விடும். பயந்துபோன மக்கள், முதலில் சுட்டவனிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்க்ரல்கள் செய்ததைவிட இதுதான் நம்மைக் கலங்கடிக்கும்.

எந்த வரிசையில் படிக்கலாம்?

இந்தக் கதைக்குக் கிளைக்கதைத் தொகுப்புகள் ஏகப்பட்டது உண்டு. எல்லாவற்றையும் வாங்கினால் பர்ஸ் காலி. இந்த வரிசை போதும்.

1. நியூ அவெஞ்சர்ஸ்: ரெவல்யூஷன் - எலெக்ட்ரா விஷயம் வெடிக்கும் தொகுப்பு. அடுத்து வரும் 'தி ட்ரஸ்ட்' தொகுப்பில் ஹீரோக்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

2. சீக்ரெட் இன்வேஷன் - 8 இதழ்கள் கொண்ட மெயின் கதை. லெய்னில் யூவின் ஓவியம் மிரட்டல். நேரம் இல்லையென்றால் இது ஒன்று போதும். ஆனால், பாதிக்கு மேல் சண்டைதான். கொஞ்சம் இழுவையாகத் தோன்றலாம்.

3. நியூ அவெஞ்சர்ஸ்: சீக்ரெட் இன்வேஷன் - யாரை, எப்படி மாற்றினார்கள் என்ற பின்கதை. மெயின் கதையைவிட இதில் த்ரில் அதிகம். இதை முதலில் படித்தால் சஸ்பென்ஸ் போச்சு, ஜாக்கிரதை!

4. பிளாக் பேந்தர் - ஜேசன் ஆரோன் எழுதிய 3 இதழ் கதை. வகாண்டாவுக்குள் நுழையப் பார்க்கும் ஸ்க்ரல் தளபதியின் பார்வையும் இதில் உண்டு. சின்ன கதை, பெரிய அடி.

போனில் படிப்பவர்கள் 'மார்வெல் அன்லிமிடெட்' ஆப்பில் சந்தா கட்டிப் படிக்கலாம். ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி இருப்பதால் சின்ன ஸ்க்ரீனும் பிரச்னை இல்லை.

எல்லா ஸ்க்ரல்லும் வில்லனா?

இல்லை. இதைச் சொல்லாவிட்டால் கதையின் பாதிதான் புரியும். ஸ்க்ரல்கள் சும்மா பூமிக்கு வரவில்லை. அவர்களுடைய தலைமைக் கிரகத்தை கேலக்டஸ் விழுங்கிவிட்டான். மிச்சம் இருந்த பேரரசும் போரில் சிதைந்தது. வீடு இல்லாதவர்களிடம், 'பூமிதான் நமக்கு விதிக்கப்பட்ட இடம்' என்று ஒரு ராணி சொன்னால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அதே கூட்டத்தில் இருந்து இன்னொருவன் வருகிறான். இறந்துபோன கேப்டன் மார்வெலாக நடிக்க அனுப்பப்பட்ட ஸ்க்ரல் அவன். வேஷம் உள்ளே இறங்கி, தன்னையே மார்வெல் என்று நம்பிவிடுவான். உண்மை தெரிந்த பிறகும் பூமியின் பக்கம்தான் நிற்பான். 'யங் அவெஞ்சர்ஸ்' குழுவின் ஹல்க்லிங்கும் பாதி ஸ்க்ரல்தான். 2019-ல் வந்த 'கேப்டன் மார்வெல்' படம் ஸ்க்ரல்களை அகதிகளாகவே காட்டியது.

ஆக, முகத்தை வைத்து யாரென்று முடிவுகட்டினால், நல்லவனையும் சேர்த்துத் தொலைத்துவிடுவோம். நண்பனின் குரலிலேயே பணம் கேட்டு ஏஐ கால் வருகிற காலத்தில், சரிபார்க்கிறது அவசியம்தான். ஆனா, சரிபார்க்கிறது வேற, எல்லோரையும் சந்தேகப்படுறது வேற. அந்த வித்தியாசத்தை மறந்த அவெஞ்சர்ஸுக்கு என்ன ஆச்சுன்னு இந்த வீக்எண்ட் படிச்சுப் பாருங்க!