ஊவா மலைநாட்டுப் பயணம்: காடும் பாதையும் மக்களும்

விடுமுறை என்றதும் ஊர்விட்டு ஊர் செல்லும் விருப்பம் மாணவர் உள்ளத்தில் எழுதல் இயல்பு. வெயிலும் பனந்தோப்பும் சூழ்ந்த வடபகுதியிற் பிறந்தோருக்கு மலையும் அருவியும் பனிமூட்டமும் புதுமையாகத் தோன்றும். ஆதலின் கல்லூரிச் சுற்றுலாக்கள் பலவும் மலைநாட்டை நோக்கியே அமைகின்றன. அவற்றுள் ஊவா மாகாணத்துக்குச் செல்லும் பயணம் தனிச் சிறப்புடையது. காடு, புல்வெளி, தேயிலைத் தோட்டம், நகரம் ஆகிய நான்கினையும் அங்கு ஒருங்கே காணலாம். ஆயினும், இனிய காட்சிகளைக் கண்டு மீள்வதோடு அப்பயணம் நிறைவுறுவதன்று. பயணியைச் சுமந்து செல்லும் பாதை எவ்வாறு தோன்றிற்று, அவ்வழியே முன்னர்ச் சென்றோர் யாவர் என்பனவற்றை அறிந்தவனே அந்நாட்டைக் கண்டவனாவான்.

ஊவா மாகாணம் 1886 ஆம் ஆண்டில் தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்கள் அதில் அடங்கும். பதுளை நகரே மாகாணத்தின் தலைநகர். மாகாணத்தின் மேற்கெல்லையில் உயர்ந்த மலைத்தொடர் மதில்போல் நிற்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று அம்மலையின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்து, ஈரமிழந்து, ஊவாப் பக்கம் வறண்ட காற்றாய் இறங்குகின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் அக்காற்றினால் தேயிலைக் கொழுந்தின் வளர்ச்சி தடைப்பட்டு, அதற்கு ஒரு தனி மணம் உண்டாகின்றது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலை பெற்ற பெயருக்கு இக்காற்றே காரணம். ஊவாவுக்கு மழை தருவது பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றே. கிழக்கிலும் தெற்கிலும் மலை தாழ்ந்து பிந்தனைக் காடாகவும் வெல்லசைச் சமவெளியாகவும் விரிகின்றது. வேடர் வாழும் தம்பானை பிந்தனைப் பகுதியிலேயே உள்ளது.

இக்காட்டு நிலத்தூடே நெடுங்காலமாக நடந்து வந்தோர் அடியார்கள். கதிர்காமம் மொனராகலை மாவட்டத்தில் அமைந்தது. ஆடிவேல் விழாவை முன்னிட்டு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் புறப்படும் பாதயாத்திரிகர் கடற்கரை வழியே தெற்கு நோக்கி நடந்து, உகந்தை முருகனை வணங்கி, குமணை, யால காடுகளைக் கடந்து கதிர்காமத்தை அடைவர். யானையும் கரடியும் உலவும் காட்டில் நீர்நிலை கண்ட இடத்தில் தங்கிச் செல்லும் இப்பயணம் இன்பச் சுற்றுலா அன்று. எனினும் ஓய்வுக்கால நெடும்பயணம் என்ற ஒன்று ஈழத் தமிழர் வாழ்வில் தொன்றுதொட்டு இருந்ததென்றால் அது இதுவேயாம். உழவு ஓய்ந்த வேளையில், உற்றாரும் ஊராரும் ஒருங்கு கூடி, ஒருவர்க்கொருவர் துணையாக நடக்கும் நடை அது.

அடியாரின் பின், வேறொரு கூட்டத்தார் காட்டுவழி நடந்து மலைநாட்டுக்கு வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கியபோது, தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். அவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை நூற்றுக்கு மேற்பட்ட மைல்கள் காட்டினூடே நடந்தனர். நீரின்மையாலும், கொள்ளைநோயாலும், காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். உயிர்பிழைத்து மாத்தளை சேர்ந்தவர்களுள் ஊவாத் தோட்டங்களுக்கு உரியவர்கள் மேலும் பல மலைகளை ஏறி இறங்க வேண்டியிருந்தது. அவர்களை அழைத்து வந்த கங்காணி, பயணச் செலவையும் முற்பணத்தையும் அவர்கள் தலைமேற் கடனாக எழுதினான். அக்கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளரைத் தொடர்ந்து சென்றது. அம்முறை 1921 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்குங் காலத்துக்கு வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பியோர் பலர். 1869 ஆம் ஆண்டில் கோப்பி இலைகளிற் காணப்பட்ட பூஞ்சண நோய் அப்பயிரைச் சில ஆண்டுகளில் அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பெற்றது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு லயன்களிற் குடியமர்ந்தனர். 1890 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன், அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பத்தனை முதலிய தோட்டங்களை வாங்கினார். இன்று சுற்றுலாச் செல்வோர் தவறாது ஏறிப் பார்க்கும் லிப்டன் இருக்கை அத்தோட்டத்தின் உச்சியிலேயே உள்ளது.

தோட்டத்து விளைவைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லவே புகையிரதப் பாதை மலையேறியது. கொழும்பிலிருந்து 1867 இற் கண்டியையும், 1874 இல் நாவலப்பிட்டியையும், 1885 இல் நானுஓயாவையும், 1893 இல் அப்புத்தளையையும், 1894 இற் பண்டாரவளையையும் அது அடைந்தது. பட்டிப்பொலை அருகே கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல் உயர்ந்து, சுரங்கமொன்றினூடே ஊவாப் பக்கம் புகுகின்றது. சுரங்கத்தின் ஒருபுறம் மழைமூட்டமும் மறுபுறம் இளவெயிலுமாக இருப்பதைப் பயணிகள் கண்டு வியப்பர். மலைத்தொடர் காற்றின் ஈரத்தைத் தடுத்து நிறுத்துவதன் விளைவே இவ்வேறுபாடு.

பண்டாரவளையிலிருந்து பதுளை ஏறத்தாழ 20 மைல். ஆயினும் அச்சிறு தூரத்தைக் கடக்கப் பாதைக்கு 30 ஆண்டுகள் சென்றன; 1924 ஆம் ஆண்டிலேயே பதுளைக்குப் புகையிரதம் வந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. ஏறத்தாழ 300 அடி நீளமும் 80 அடி உயரமுங் கொண்ட அப்பாலம் கல், செங்கல், சீமெந்து ஆகியவற்றாலேயே கட்டப்பட்டது. தெமோதரையில் மலை மிகச் செங்குத்தாக இறங்குவதால், வண்டி தாங்கக்கூடிய சரிவில் நேரே பாதையிடல் இயலாதாயிற்று. எனவே பாதையை ஒரு குன்றைச் சுற்றி வளைத்து நீட்டிச் சரிவைக் குறைத்தனர். நிலையத்தை விட்டு நீங்கும் வண்டி, குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே உள்ள சுரங்கத்தினூடே வெளிவருகின்றது. கங்காணி ஒருவன் தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்ட பொறியியலாளர்க்கு இவ்வமைப்பு மனத்திற் பட்டது என்றொரு கதையும் வழங்குகின்றது. கதையின் உண்மை எதுவாயினும், மலையைக் குடைந்தும் கல்லைச் சுமந்தும் உழைத்தோரின் நினைவு அதில் ஓரளவு தங்கியுள்ளது எனலாம்.

இப்பாதை அமைந்தபின் ஊவா விடுமுறை நாடாயிற்று. குளிர்ந்த காற்றை நாடிய தோட்டத் துரைமாரும் அரசாங்க அதிகாரிகளும் பண்டாரவளைக்கு வந்தனர். பின்னர் நகரத்து நடுத்தர மக்களும் மாணவரும் வந்தனர். ஓகியா நிலையத்தில் இறங்கி ஓட்டன் சமவெளிக்கு நடப்போரும், பதுளைக்கு அருகே துன்கிந்தை அருவியைக் காண்போரும், கொஸ்லந்தைக்கு அருகே ஏறத்தாழ 720 அடி உயரத்திலிருந்து வீழும் தியலும அருவியைக் காண்போரும் பலர். ஆனால் கொழுந்து பறிப்போருக்கு விடுமுறை என்பதன் பொருளே வேறு. நாட்கூலி பெறுவோர்க்கு ஓய்வெடுக்கும் நாள் கூலியற்ற நாள். தைப்பொங்கலும் தீபாவளியும் மாரியம்மன் திருவிழாவுமே அவர்களுடைய விழாக்காலங்கள்.

அம்மக்களுள் பல்லாயிரவர்க்கு வாய்த்த நெடும்பயணம் ஒன்றுண்டு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் மாதத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி, நாடற்றவராயிருந்த 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாக ஏற்பதென 1974 ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. மலைநாட்டு நிலையங்களில் ஏறியோர் தலைமன்னார் சென்று, கப்பல் வழியாக இராமேசுவரத்தை அடைந்தனர். செல்வோரும் வழியனுப்புவோரும் கட்டியழுத காட்சியால், அவ்வண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தனர். முன்னோர் நடந்து வந்த திசையிலேயே பேரரும் திரும்பினர். ஆயின் அவர்களுட் பலர் பிறந்த மண் ஊவாவே. தாயகம் எனப்பட்ட நாட்டில் அவர்களுக்குச் சொந்தமென ஓர் ஊர் பெரும்பாலும் இருக்கவில்லை. நீலகிரியில் அவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டுத் தமிழக அரசு 1968 ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. போர்ச்சூழலால் 1984 ஆம் ஆண்டிற் கப்பல் நின்றது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை கிட்டியது.

பயணியின் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் மலைச்சரிவு அங்கு வாழ்வோர்க்கு அச்சம் தருவதும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள், கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்களைப் புதைத்தது; பலர் உயிரிழந்தனர். தியலுமவில் அருவியாய் வீழ்ந்து மகிழ்விக்கும் மழைநீரே அங்கு மண்ணைக் கரைத்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் பதுளை மாவட்டத்திற் பேரழிவை விளைத்தது. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சிதைந்தது. பாதை என்பது ஒருமுறை இட்டு முடிப்பதன்று, நாள்தோறும் மனிதர் கைகளாற் காக்கப்படுவது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

2023 ஆம் ஆண்டில், மலையக மக்களின் முன்னோர் வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் துன்புற்று நடந்த வழியை, அதனை அறியும்பொருட்டு மீண்டும் நடந்தமை பயணத்தின் உயர்ந்த பயனைக் காட்டுவதாகும்.

ஆகவே ஊவாவுக்குச் செல்லும் மாணவர் அருவியையும் பாலத்தையும் கண்டு களித்தலோடு அமையாது, அங்குள்ள தோட்டப் பாடசாலை ஒன்றிலும் சிறிது நேரம் தங்குதல் நலம். தம் வயதுடைய மாணவரோடு உரையாடி, அவர் குடும்பம் எங்கிருந்து எவ்வழி வந்தது, அவர் உறவினருள் யார் ஒப்பாரிக் கோச்சியிற் சென்றனர் எனக் கேட்டறியலாம். வடபகுதியைப் பற்றி அவர் வினவுவனவற்றுக்கு விடையும் கூறலாம். அடுத்த விடுமுறையில் அம்மாணவரைத் தம் ஊருக்கு அழைத்து, பனந்தோப்பையும் கடலையும் காட்டுதல் அதனினும் நலம். ஒருசாரார் மட்டுமே செல்வதாயிருந்த பாதை அப்பொழுதே இருசாரார்க்கும் பொதுவாகும்.